நிகழ்கால வாசகர்

மலைநாட்டு வாசிப்பு எழுச்சி மன்றத்தார் நல்லவர்கள். யாரையும் அடித்ததில்லை, யாருடைய சோற்றிலும் மண் போட்டதில்லை. அவர்கள் செய்த ஒரே குற்றம், "வாசகர்" என்ற சொல் காதில் விழுந்ததும் மேற்கொண்டு எதையும் விசாரிக்காமல் போனதுதான்.

மன்றத்தின் ஆண்டு விழாவுக்கு ஒரு தோட்டத்து வாசகர் தேவைப்பட்டார். பட்டணத்து வாசகர்களுக்குப் பஞ்சமில்லை. தானா ராத்தா கடைத்தெருவில் தடுக்கி விழுந்தால் ஒரு வாசகர்மேல்தான் விழவேண்டும். ஆனால் தேயிலைக் காட்டில் வாசகர் என்பது காட்டுக்குள் எப்போதாவது பூக்கிற ராஃப்லேசியா பூ மாதிரி. அபூர்வம் என்று சொன்னால் போதும், பார்க்கிறவர்கள் காசு கொடுத்துச் சேற்றில் நடந்து வருவார்கள். அப்படி ஒரு பூவைத் தேடித்தான் செயலாளர் வசுமதி தன் சின்னக் காரை உருட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தோட்டத்துக்கு ஏறினாள். லயத்து வீடுகளுக்குக் கீழே கடை வைத்திருந்த சின்னையாவிடம் கேட்டாள்.

"இங்க வாசகர் யாராச்சும் இருக்காங்களா அங்கிள்?"

"வாசகரா? இருக்காரே லா! நம்ம கிரகரி அண்ணன். ஞாயித்துக்கிழமை தவறாம வாசிப்பாரு. மைக்குல வாசிச்சா என் கடை வரைக்கும் கணீர்னு கேக்கும்."

மாதாகோவில் பூசையில் அன்றைய வேதவாசகத்தைச் சனங்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுகிறவருக்கு வாசகர் என்று பெயர். கிரகரி அந்த வாசகர். இது சின்னையாவுக்குத் தெரியும். தெரியும் என்பதால் அவர் விளக்கவில்லை. வசுமதிக்குத் தெரியாது. தெரியாது என்பதால் அவள் கேட்கவில்லை. வாரம் தவறாமல் மைக் வைத்து வாசிக்கிற மனிதர் என்றதும் அவளுக்கு மேல்மூச்சு வாங்கியது. மன்றத்தில்கூட அப்படி ஒருவர் கிடையாது.

விதி என்று ஒன்று இருக்கிறதே, அது அந்த நேரம் பார்த்துக் கிரகரியின் குசினியில் உட்கார்ந்திருந்தது. தேயிலைத் தொழிற்சாலையில் இலை காயவைக்கும் மெஷினோடு பகலெல்லாம் மல்லுக்கட்டிவிட்டு வந்த கிரகரி, குளித்து முடித்துக் கைலியோடு முக்காலியில் அமர்ந்து, தன் மனைவி கத்தரீனுக்கு ஒரு நாவலை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். கத்தரீனுக்கு எழுத்துத் தெரியாமலில்லை. கை வேலையாக இருக்கும்போது காது சும்மா இருப்பது அவளுக்கு வீண்செலவு. அவள் நெத்திலி சம்பல் கிளற, அவர் வாசிப்பார். சம்பல் இறங்கும்போது அத்தியாயமும் இறங்கும்.

நாவலின் பெயர் 'குடை மறந்த ஸ்டேஷன் மாஸ்டர்'. பழைய சாமான் கடையில் கிடைத்தது. மழைநாளில் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் குடையை மேசைமேல் வைத்துவிட்டுக் காணாமல் போகிறார். கொலையா, ஓட்டமா, யார் கைங்கரியம்? அவருடைய மனைவி தினமும் அழுதுகொண்டே போலீசுக்கு நடக்கிறாள்.

"டிக்கெட் பரிசோதகன்தான் தள்ளிவிட்டிருப்பான்," என்றார் கிரகரி.

"ம்க்கும். ஒங்களுக்கு மீசை வச்சவன்லாம் கொலகாரன். வாசிங்க, வாசிங்க."

அப்போதுதான் வசுமதி வாசலில் வந்து நின்றாள்.

"அங்கிள், இப்ப என்ன வாசிச்சிக்கிட்டிருக்கீங்க?"

கிரகரி பொய் சொல்லத் தெரியாதவர். புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார்.

"ரசிச்சு வாசிக்கிறீங்களா?"

"ஆமாம்மா."

அந்த ஒரே வார்த்தையில் மனிதர் மாட்டிக்கொண்டார். கைப்பேசி மினுங்கியது. குசினியிலிருந்து அவரை வெளியே இழுத்து மேட்டில் நிறுத்தி இன்னொரு படம்.

"பின்னால தேயிலை தெரியணும் அங்கிள்."

"எனக்கு முன்னாலயும் அதான், பின்னாலயும் அதான் தாயி."

"கையில தேத்தண்ணி கப்பு. சிரிங்க. வாசிக்கிறப்ப சிரிக்கணும்."

"இது கொலைக் கதைம்மா."

"பரவால்ல, அட்டையில தெரியாது."

மறுநாள் காலை அவர் 'இப்போது வாசிப்பில்' என்ற வாட்சாப் குழுவில் இருந்தார். அங்கே மன்றத்து உறுப்பினர்கள் பொழுது விடிந்ததும் ஒரு புத்தகத்தையும் ஒரு கோப்பைத் தேநீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் பிடித்துப் போட்டு, 'ரசித்துக்கொண்டிருக்கிறேன்' என்று எழுதுவார்கள். மற்றவர்கள் கை கூப்புவார்கள். மறுநாளும் அதே புத்தகம், அதே பக்கம், தேநீர் மட்டும் புதிது.

கிரகரிக்கு இது பிடித்துப்போனது என்பதுதான் பரிதாபம். இத்தனை பேர் கதை படிக்கிறார்களே என்று உள்ளம் பூரித்து, பல் டாக்டர் ஷெர்லியிடம் குழுவிலேயே கேட்டுவிட்டார்: 'டாக்டர், உங்க கதையில அந்தப் பையன் கடைசியில ஊருக்குத் திரும்பினானா?'

குழு செத்த வீடாகிவிட்டது. ஷெர்லி கை கூப்பினார். யாரோ ஒருவர் ரோஜாப்பூ போட்டார். வசுமதி போனில் வந்தாள்.

"அங்கிள், உள்ள என்ன இருக்குன்னு பேசக் கூடாது. சங்கடப்படுத்துற மாதிரி ஆயிரும்."

"யாரை?"

"எல்லாரையும்."

கிரகரி வாயை மூடிக்கொண்டார். ஆனால் சந்தோஷத்துக்கு வாய் கிடையாது, விரல் உண்டு. அடுத்த வாரம் அவர் எழுதினார்: 'இன்னும் ஒரே அத்தியாயம். இன்னைக்குச் சாயங்காலம் முடிச்சிடுவேன்.'

அன்று மழை கொட்டியது. அந்த மழையில், வழுக்குகிற தோட்டத்துச் சாலையில், வசுமதியின் கார் ஆம்புலன்ஸ் மாதிரி விளக்கடித்துக்கொண்டு ஏறி வந்தது. நனைந்த தலையோடு குசினிக்குள் புகுந்தவள், ஆஸ்பத்திரி வாசலில் கேட்கிற குரலில் கேட்டாள்.

"முடிஞ்சிருச்சா?"

"இல்லம்மா, இப்பதான் கடைசி அத்தியாயத்தைத் தொறக்கப் போறேன்."

"அப்பாடா! குடுங்க அத."

கைப்பையிலிருந்து ஸ்டேப்ளரை எடுத்தாள். கடைசி அத்தியாயத்தின் தாள்களை ஒன்றாகச் சேர்த்து மேலே, கீழே, பக்கவாட்டில் என்று டக் டக்கென்று அடித்தாள். கத்தரீன் அகப்பையோடு திரும்பினாள்.

"அடி, என்னடி பண்ணுற? அந்த மனுசன் உசுரோட இருக்கானா இல்லையான்னே எங்களுக்கு இன்னும் தெரியல!"

"ஆன்ட்டி, தானா ராத்தா முழுக்கப் பேனர் கட்டியாச்சு. 'தோட்டத்து வாசகர் கிரகரி வாசித்துக்கொண்டிருக்கிறார்'னு போட்டிருக்கு. இவரு முடிச்சிட்டா என்ன ஆவும்? வாசிச்சவர் ஆயிருவாரு. இறந்தகாலம். பேனர் பொய்யாயிரும்."

"இன்னொரு புத்தகம் எடுத்தா நிகழ்காலம் வந்துராதா?" என்றார் கிரகரி.

"பேனர்ல இந்த அட்டைதான் அங்கிள் இருக்கு."

பாதுகாப்புக்காக என்று சொல்லிப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கத்தரீன் பழிவாங்குகிற பெண் அல்ல. அதற்குப் பிறகு சம்பலில் உப்பு இல்லாமல் போனது தற்செயல் என்று அவளே சொன்னாள். சாயங்காலம் முக்காலி காலியாகக் கிடந்தது. அவர் தொலைக்காட்சியைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்தாள். இத்தனை காலமும் தங்களுக்குள் பேசிக்கொள்ள எவ்வளவோ இருந்ததாக இருவருமே நினைத்திருந்தார்கள். பார்த்தால், பேசியதெல்லாம் புத்தகம்தான்.

"ஒங்க மன்றத்துல போய்க் கேளுங்க," என்றாள் மூன்றாம் நாள். "புத்தகத்தோட வாங்க. இல்லாட்டி சோத்தையும் அங்கயே மக்கான் பண்ணிக்குங்க."

கிரகரி பிரிஞ்சாங்குக்குப் பஸ் ஏறினார். மன்றத் தலைவர் குகனேஸ்வரன் அங்கே காய்கறி மொத்த வியாபாரி. முட்டைக்கோஸ் கூடைகளுக்கு நடுவே, முதுகுக்குப் பின்னால் பொன்னாடைகளை மடித்து அடுக்கிய அலமாரியோடு அமர்ந்திருந்தார். 'வாசிப்புச் செம்மல்' என்ற பட்டம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது.

"வாங்க வாங்க, நம்ம நட்சத்திரம்!"

"சார், ஒரு தப்பு நடந்துபோச்சு. நான் நீங்க நெனைக்கிற வாசகர் இல்ல. சர்ச்சுல வாசகம் வாசிக்கிற வாசகர்."

"அங்க வாசிக்கிற புத்தகத்தை முடிச்சிட்டீங்களா?"

"அது எங்க சார் முடியறது. சுத்திச் சுத்தி மறுபடி வரும்."

குகனேஸ்வரன் எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டார். "பாத்தீங்களா! நம்ம ஆளுதான்! தப்பே நடக்கல!"

"சார், எனக்கு ஸ்டேஷன் மாஸ்டர் என்ன ஆனாருன்னு தெரியணும். அவ்வளவுதான்."

தலைவர் ஒரு முட்டைக்கோஸைக் கையில் எடுத்தார். மேடை இல்லாத இடத்தில் அவருக்கு ஏதாவது கையில் வேண்டும்.

"கிரகரி, இது பாத்தியில இருக்குற வரைக்கும் வளருது. அறுத்துட்டா? லோரியில ஏத்த வேண்டியதுதான். புத்தகமும் அப்படித்தான். வாசிப்பு என்பது சுவாசிப்பு! மூச்சை யாராச்சும் முடிப்பாங்களா? முடிச்சவனுக்கு என்ன பேரு? பொணம்! நான் முப்பது வருசமா வாசகன். ஒரு புத்தகத்தையும் முடிச்ச பாவம் எனக்கு இல்ல. பாதிய நான் தாண்டுறதில்ல. ரொம்ப நல்ல புத்தகமா இருந்தா அட்டையோடயே நிறுத்திக்குவேன். அதுதான் மரியாத."

"அப்ப நான் விலகிக்கிறேன் சார்."

"தாராளமா விலகலாம். ஆனா புத்தகம் மன்றத்துக் காட்சிப் பொருளாயிருச்சு. விழா, அப்புறம் ஈப்போவுல கண்காட்சி, சிரம்பான்ல கண்காட்சி…"

"அப்புறம் முடிஞ்சிரும்ல?"

"மொதல்ல அந்த வார்த்தையை விடுங்க கிரகரி. உடம்புக்கு ஆகாது."

போகும்போது ஒரு முட்டைக்கோஸ் கொடுத்தார். கத்தரீன் அதைத் தொடவில்லை.

விழா தானா ராத்தா மண்டபத்தில். தோட்டத்துச் சனங்களுக்கு லோரி விட்டிருந்தார்கள், நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் உண்டு என்று சொல்லியிருந்தார்கள். மேடை நடுவில் கண்ணாடியால் ஒரு கூண்டு. ஸ்ட்ராபெரி வைத்துக் காட்டுவதற்காகச் செய்தது. உள்ளே இன்னும் ஜாம் வாசனை. மேலே 'நேரலை வாசகர்' என்று எழுதியிருந்தது. கிரகரியை உள்ளே உட்காரவைத்து, மடியில் புத்தகத்தைக் கொடுத்து, பக்கம் புரளும் ஓசையைச் சபை கேட்டுப் பரவசப்படவேண்டும் என்று சட்டையில் 'மாதிரி வாசகர்' பட்டைக்குப் பக்கத்தில் ஒரு மைக்கைக் குத்தினார்கள். வெளியே பூட்டினார்கள். சாவியை வெள்ளித்தட்டில் வைத்து, அதன்மேல் பொன்னாடை வைத்து, சிறப்பு விருந்தினரின் திருக்கரத்துக்காகக் காத்திருந்தார்கள். விழா முடிவில் அவர் பூட்டைத் திறந்து வாசகரைச் சமுதாயத்துக்கு வழங்குவார் என்று ஏற்பாடு.

சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்தார். வந்ததுமே புறப்படவேண்டும் என்றார். ஆனாலும் பேசினார்.

"என் இல்லத்தில் மாபெரும் நூலகம் இருக்கிறது. அதன் சாவி என் துணைவியாரிடம் இருக்கிறது. மணநாள் தொட்டு இன்றுவரை நான் அதைக் கேட்டதில்லை. அதற்குப் பெயர்தான் நம்பிக்கை! புத்தகங்களை நாம் படிக்கவேண்டும் என்று புத்தகங்கள் ஒருநாளும் வற்புறுத்துவதில்லை. அந்தப் பெருந்தன்மையை நாம் புத்தகங்களிடமிருந்து கற்கவேண்டும்!"

கைதட்டல் கூரையைத் தொட்டது. கண்ணாடிக்குள் கிரகரிக்கு வியர்த்தது. முன்வரிசையில் கத்தரீன் கையைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்தாள். அவர் ஒரு பக்கத்தைப் புரட்டினார். ஒலிபெருக்கியில் 'சரக்'கென்றது. சபை "ஆகா" என்றது. வசுமதி கண்ணாடிக்கு வெளியிலிருந்து விரலைச் சுழற்றினாள்: இப்போது பின்பக்கமாகப் புரட்டுங்கள். புரட்டினார். அதற்கும் "ஆகா".

சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நன்றியுரைக்கு நிற்காமல் அவர் காரேறியபோது, பொன்னாடை மடிப்பில் சிக்கியிருந்த சாவியும் போர்வையோடு போனது யாருக்கும் தெரியவில்லை. நன்றியுரை முடிந்து வெள்ளித்தட்டைத் தூக்கிப் பார்த்தபோதுதான் தட்டு மட்டும் பளபளத்தது.

குகனேஸ்வரன் கண்ணாடியில் வாயை வைத்துக் கத்தினார். "கிரகரி! சாவி அவரு காருல போயிருச்சு. ஆள் அனுப்பியிருக்கேன். ரிங்லெட் ஊரையே தாண்டிட்டாராம்!"

"எனக்கு மூச்சு முட்டுது சார்."

"வாசிச்சிக்கிட்டிருங்க. நேரம் போறது தெரியாது!"

இதை அவர் வழக்கமான அர்த்தத்தில்தான் சொன்னார். கிரகரி அகராதி அர்த்தத்தில் எடுத்துக்கொண்டார்.

புத்தகத்தைப் பார்த்தார். ஸ்டேப்ளர் கம்பிகளைப் பார்த்தார். கத்தரீனைப் பார்த்தார். சட்டையில் குத்தியிருந்த 'மாதிரி வாசகர்' பட்டையின் ஊசியைக் கழற்றி, ஒவ்வொரு கம்பியாக நெம்பினார். ஒவ்வொன்றும் ஒலிபெருக்கியில் 'டிக்' என்று தெறித்தது. பிறகு எழுந்து நின்றார். அவருக்கு உட்கார்ந்து வாசித்துப் பழக்கம் குசினியில் மட்டும்தான். மைக் இருந்தால் கால் தானாக நிமிர்ந்துவிடும். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைக் குரலில், கடைசி அத்தியாயத்தைத் தொடங்கினார்.

"மழை விட்டிருந்தது. ஆனால் பரணில் யாரோ இருமினார்கள்…"

நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்த கைகள் அப்படியே நின்றன.

"நிறுத்துங்க! முடிச்சிரப் போறாரு!" என்று குகனேஸ்வரன் கண்ணாடியை அறைந்தார். பூட்டை இழுத்தார். அது நல்ல பூட்டு, அவரே தேர்ந்தெடுத்தது. மேடை ஓரத்தில் ஒலிபெருக்கிப் பெட்டியோடு இருந்த பக்கிரிசாமியிடம் ஓடினார். "மைக்கை அடை!"

"ஒரு நிமிசம் பொஸ்."

"என்னடா ஒரு நிமிசம்?"

"பரண்ல யாருன்னு தெரியட்டும் லா."

கிரகரி வாசித்தார். அழுதுகொண்டே போலீசுக்கு நடந்த அந்த மனைவிதான் புருஷனைப் பரணில் ஒளித்து வைத்திருந்தாள். அவருக்குத் தொலைதூரத்துக்கு மாற்றல் உத்தரவு வந்திருந்தது. காணாமல் போனவனை யாரும் மாற்ற முடியாதல்லவா! தினமும் போலீசுக்கு நடந்து கண்ணீரைக் காட்டிவிட்டு, திரும்பும் வழியில் அவருக்குப் பிடித்த மீன் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

முன்வரிசையில் கத்தரீன் துள்ளி எழுந்தாள். "நான் சொல்லல? அழுவுறவ எதுக்குப் பெரிய மீனா வாங்குறாள்னு கேட்டேனே! மீசக்காரன்னீங்களே!"

"உஷ்ஷ்!" என்றது சபை முழுவதும் ஒரே வாயாக.

கடைசி வரி வந்தது. கிரகரி புத்தகத்தை மூடினார். வேதவாசகத்தை முடிக்கிற பழக்க தோஷம்; கையைத் தாழ்த்தி, "இது ஆண்டவர் வழங்கும் அருள்வாக்கு," என்று சொல்லிவிட்டார். மாதாகோவில் சனங்கள் யோசிக்காமல், "இறைவா உமக்கு நன்றி!" என்று முழங்கினார்கள். முருகன் கோயில் சனங்கள் பின்தங்கக் கூடாதென்று கை தட்டினார்கள். ஈரக் கண்ணோடு பக்கிரிசாமி மைக்கை அடைத்துவிட்டு, ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு போய்க் கூண்டுக் கதவின் கீலைக் கழற்றினான்.

குகனேஸ்வரன் மைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, மைக் இல்லாமலே பேசினார்.

"சகோதர சகோதரிகளே. நம் அன்புக்குரிய வாசகர் சற்று முன்பு வாசித்தவர் ஆகிவிட்டார். எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் காப்போம்."

சபை எழுந்தது. கிரகரியும் தலை குனிந்து நின்றார். யாருக்காக என்று அவருக்கு விளங்கவில்லை. ஆனால் விடுதலை என்பது இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நெஞ்சு இலேசாயிற்று.

அந்த மௌனத்தைக் கிழித்துக்கொண்டு பின்வரிசையிலிருந்து கொழுந்து பறிக்கிற மணியம்மா கத்தினாள்: "அண்ணே, நாங்க கடைசியத்தானே கேட்டோம்! மொதல்லேர்ந்து வாசிங்கண்ணே!"

"ஆமா, மொதல்லேர்ந்து!" என்றது மண்டபம்.

குகனேஸ்வரனின் முகம் விடிந்தது. "மறுவாசிப்பு!" என்று கூவினார். "முடிவே கிடையாது! பேனர் பொய்யாகாது! கிரகரி இன்று முதல் ஆயுட்கால நிகழ்கால வாசகர்!" சிறப்பு விருந்தினர் மறுத்துவிட்டுப் போன மாலை ஒன்று மீதம் இருந்தது. அது கிரகரி கழுத்தில் விழுந்தது.

மறுநாள் சாயங்காலமே வசுமதி கைப்பேசிக்கு மூன்று கால் வைத்த தாங்கியும் வட்ட விளக்கும் தூக்கிக்கொண்டு லயத்துக்கு வந்தாள். இனி தினமும் குசினியிலிருந்து நேரலை. கூண்டைக்கூட லோரியில் அனுப்புவதாகத் தலைவர் சொல்லியிருந்தார். கதவு சாத்தியிருந்தது. தட்டினாள். கத்தரீன் ஒரு முகம் நுழையும் அளவுக்குத் திறந்தாள்.

"அங்கிள் இருக்காரா ஆன்ட்டி?"

"தூங்கிக்கிட்டிருக்காரு."

"கொஞ்சம் எழுப்பி விடுங்களேன். நேரலைக்கு எல்லாரும் காத்திருக்காங்க."

"எழுப்பலாம்மா. எனக்கென்ன. ஆனா எழுப்பிட்டா தூங்கினவர் ஆயிருவாரே. இறந்தகாலம்."

வசுமதி மன்றத்தின் சட்டதிட்டத்தை மனதுக்குள் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். ஓட்டை எதுவும் இல்லை.

"ரசிச்சுத் தூங்குறாரா ஆன்ட்டி?" என்றாள் கடைசியில், மெதுவாக.

"ரொம்ப ரசிச்சு."

வசுமதி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கல்படியில் சத்தம் வராமல் இறங்கிப் போனாள். கத்தரீன் தாழ்ப்பாளைப் போட்டாள். குசினியில் புதுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்த கிரகரி, குரலைப் பாதியாகக் குறைத்து, முதல் வரியை வாசிக்க ஆரம்பித்தார்.

அடுத்த நாள் காலை குழுவில் முதலில் வந்த படம் தலைவருடையது. சோபாவில் வாய் பிளந்து கிடந்தார். கீழே எழுதியிருந்தது: 'இப்போது உறக்கத்தில். ரசித்துக்கொண்டிருக்கிறேன்.' பத்து நிமிடத்துக்குள் பல் டாக்டர் ஷெர்லியும் கண்ணை மூடிவிட்டார். மன்றத்தின் வரலாற்றில் உறுப்பினர் அனைவரும் உண்மையிலேயே செய்த முதல் காரியம் அதுதான்.